அன்னாள் தைத்த சின்னச் சட்டை



சபையில் பெற்றோர் பலர் சொல்லுகிற ஒரு வார்த்தை உண்டு. "எங்க பிள்ளை கிறிஸ்தவப் பள்ளியிலதானே படிக்குது பாஸ்டர், ஜெபம், பைபிள் கிளாஸ் எல்லாம் அங்கேயே நடக்குது." ஃபீஸ் கட்டியாச்சு, யூனிபாரம் வாங்கியாச்சு, பக்தியும் அதோடு சேர்ந்து வந்துவிடும் என்று நினைப்பு. வேதம் அப்படிச் சொல்லுகிறதா? 1 சாமுவேல் முதல் மூன்று அதிகாரங்களை எடுத்துப் பாருங்கள்.

சீலோவில் ஏலியின் குமாரர் இருவர் இருந்தார்கள். பலியும் ஆராதனையும் தினமும் கண்முன்னே நடந்தும் அவர்கள் கர்த்தரை அறியவில்லை (2:12). அதே இடத்தில் வளர்ந்த சாமுவேலும் அதுவரை கர்த்தரை அறியாதிருந்தான் என்று 3:7 சொல்லுகிறது. யோசிச்சுப் பாருங்க. கர்த்தருடைய ஆலயத்திலேயே படுத்துத் தூங்கின பிள்ளைக்கு அப்படியென்றால், காலையில் பத்து நிமிஷம் பிரேயரில் நிற்கிற பிள்ளைக்கு?

சாமுவேலுக்கு ஒரு அன்னாள் இருந்தாள். வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள் (2:19). பிள்ளை வளருகிறதே, போன வருஷத்து அளவு இந்த வருஷத்துக்குப் பத்துமா? எப்போதாவது பார்க்கிற பிள்ளையின் உயரத்தை அந்தத் தாய் மனதிலே வைத்திருந்தாள். நாமோ தினமும் பார்க்கிறோம், அளவு தெரியாது! ஐந்து வயதில் சொல்லிக்கொடுத்த "இயேசப்பா காப்பாத்துங்க" ஜெபம் பத்து வயதிலும் போதும் என்று விட்டுவிடுகிறோம். பத்து வயதுப் பிள்ளை, வைகாசியில் கருட சேவை பார்க்க ஊரே திரளும்போது, "பக்கத்து வீட்டுப் பையன் போறான், நான் ஏன் போகக்கூடாது?" என்று கேட்கும். "கேள்வி கேட்காதே, பாவம்" என்று அதட்டுவது பழைய சட்டையைப் போட்டு இறுக்குவது. பிள்ளைகள் கேட்கும்போது பதில் சொல்லவேண்டும் என்பது கட்டளை (யாத். 12:26,27). கர்த்தர் நம்மை எதிலிருந்து தூக்கியெடுத்தார் என்று உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லுங்கள். அடுத்த வீட்டாரை இழிவாய்ப் பேசித்தான் இயேசுவைச் சொல்லவேண்டும் என்பதில்லை.

நம் ஊர் நெசவாளருக்கு இதை விளக்கவே வேண்டாம். கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். மூன்று நாடா ஓடும். தறியில் ஒருவர், பக்கத்தில் துணைக்கு ஒருவர். ஒவ்வொரு ஓட்டத்திலும் கரையின் ஊடு உடலின் ஊடைக் கவ்வவேண்டும். கவ்வாவிட்டால் ஜரிகை எத்தனை கனமாயிருந்தாலும் சேருமிடத்தில் விட்டுப்போகும். பள்ளி கரை என்றால் வீடுதான் உடல். பள்ளியில் பொய் சொல்லாதே என்று படித்த பிள்ளையிடம், வட்டிக்காரர் கதவைத் தட்டும்போது "அப்பா இல்லைன்னு சொல்லு" என்றால் கோர்வை எங்கே நிற்கும்?

இப்போது ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ஏலியிடம் குறைகள் பல. ஆனாலும் கூப்பிடுகிறவர் கர்த்தர் என்று அறிந்தவுடனே, பையனைத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் மறுபடியும் அவன் இடத்துக்கே அனுப்பி, கர்த்தரிடமே பேசச் சொன்னார் (3:9). நல்ல ஆசிரியரின் வேலை அதுதான். மனப்பாட வசனப் போட்டி நடத்துங்கள், டிபன் பாக்ஸ் பரிசும் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் டிபன் பாக்ஸுக்காகப் படித்த வசனம் பாக்ஸ் கிடைத்தவுடனே இறங்கிவிடும். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை டீச்சர் எந்த முகத்தோடு பார்க்கிறார் என்பதைத்தான் அந்தப் பிள்ளை நரைக்கும் வயதிலும் மறக்காது.

நம் பள்ளிகளில் படிப்பவர்களில் அநேகர் பிற மதத்து வீடுகளின் பிள்ளைகள். ஸ்காட்லாந்திலிருந்து 1837-ல் சென்னைக்கு வந்து பள்ளி நடத்திய ஜான் ஆண்டர்சன் ஐயரின் பெயர் காஞ்சிபுரத்துப் பள்ளியொன்றில் இன்றும் நிற்கிறது. சென்னையில் அவர் மாணவரில் இருவர் 1841-ல் ஞானஸ்நானம் பெற்றபோது, பயந்துபோன பெற்றோர் கூட்டங்கூட்டமாய்ப் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பயத்தை நாம் அற்பமாய் எண்ணக்கூடாது. ஒரு தாய் நம்மை நம்பிக் கொடுத்த பிள்ளை அது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், பெற்றோரின் சம்மதமின்றி எந்தப் பிள்ளையையும் மதபோதனைக்குக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று அரசியல் சாசனத்தின் 28-வது பிரிவும் சொல்லுகிறது. இயேசுவும் சிறுபிள்ளைகளை அணைத்துக்கொண்டு ஆசீர்வதித்தார் (மாற். 10:16). இழுத்து வரச் சொல்லவில்லை, தடுக்காதிருங்கள் என்றுதான் சொன்னார்.

தடுப்பது யார்? சொல்ல மனம் கூசுகிறது. கோர்வைத் தறியில் துணைக்கு உட்கார்ந்தது வெகுகாலம் சிறுபிள்ளைகள்தான். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளையின் விரல்கள் ஈடாயின. பட்டுத்தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-ல் வெளியிட்ட அறிக்கையில் நம் காஞ்சிபுரமும் இருக்கிறது. அந்த நிலைமை பெரிதும் மாறியதற்காக கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனாலும் கடன் முற்றின வீட்டில் ஐந்தாம் வகுப்போடு ஒரு பிள்ளை நிற்பது இன்றைக்கும் நடக்கக்கூடியதே. படிப்பு நின்ற பிள்ளைக்கு வேதத்தை வாசிக்கவும் வராது. அப்படிப்பட்ட வீட்டுக்கு "ஜெபிக்கிறோம் அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது யாக்கோபு 2:16-ல் கண்டிக்கப்பட்ட காரியம்.

ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் பிள்ளையார்பாளையம் பக்கத்து ஜெபக்குழுவினர் தறிவீடுகளைச் சந்தியுங்கள். நின்றுபோன பிள்ளை இருந்தால், விசுவாசி வீடோ அல்லவோ, நோட்டுப் புத்தகத்துக்கும் யூனிபாரத்துக்கும் என்ன ஆகும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். தையல் தெரிந்த சகோதரிகள் அளவு எடுக்கிற டேப்பையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.