சொற்பொருள் உணரும் வாயில்

ஒரு சொல்லின் பொருளை அறிவதென்பது அதற்கு நிகரான இன்னொரு சொல்லை அறிவதா, அச்சொல் வழங்கும் செயலில் கலந்துகொள்வதா என்னும் வினா மெய்யியலாளருக்கு மட்டும் உரியதன்று. கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ்மொழிமூல மாணவருக்குச் சிங்களத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் ஆசிரியர், வகுப்புக்கு எந்த விளையாட்டைத் தெரிந்தெடுக்கிறாரோ அதன் வழியே இவ்வினாவுக்கு ஒரு விடையும் கூறிவிடுகிறார். சிங்களச் சொல்லட்டையைத் தமிழ்ச் சொல்லட்டையோடு இணைக்கும் விளையாட்டில் பொருள் என்பது சொல்லுக்கு ஈடாக வைக்கப்படும் மற்றொரு சொல். "பொத கேன்ன" என்னும் ஏவலைக் கேட்ட பிள்ளை எழுந்து சென்று புத்தகத்தைக் கொண்டுவரும் விளையாட்டிலோ பொருள் செயலாகவே நிகழ்கிறது.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் உரியியல் இச்சிக்கலை நேரே எதிர்கொள்கிறது. பயிலாத சொல்லைப் பயின்ற சொல்லோடு சார்த்தி விளக்கும் முறையைக் கூறும் அவ்வியல், பொருளுக்கும் பொருள் கேட்கப் புகுந்தால் அது எல்லையின்றி நீளும் என்பதையும், உணர்த்த வல்லவனுக்குப் பொருள் திரியாது என்பதையும், உணர்வதற்குரிய வாயில் உணர்வோரின் ஆற்றலைப் பற்றியே அமையும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. யாழ்ப்பாணத்தவரான சி. வை. தாமோதரம்பிள்ளை 1868இல் பதிப்பித்த, சொல்லதிகாரத்துக்கான சேனாவரையர் உரை இன்னும் ஒரு படி முன்செல்கிறது: கடுங்காற்றைக் குறிக்கும் 'உறுகால்' என்பதில் 'உறு' என்றால் மிகுதி என்று கூறியும் விளங்காத மாணவனுக்கு, கடுங்காற்று வீசுமிடத்தில் அதனைக் காட்டியேனும் உணர்த்தலாம் என்கிறது. ஏட்டை விட்டு மாணவனை வெளிக்காற்றுக்கு அழைத்துச் செல்லும் இந்த உரைப்பகுதி, கல்வியியலார் மிகுந்த கவனத்தோடு படிக்கத்தக்கது.

ஆயினும் காட்டுதல் மட்டும் போதாது. புத்தகத்தை நோக்கி நீளும் விரல் அதன் நிறத்தைக் காட்டுகிறதா, தாளைக் காட்டுகிறதா என்பதை மொழியறியாத பிள்ளை எவ்வாறு அறியும்? வேத வாக்கியங்களின் பொருளை ஆராயும் தரிசனமாகிய மீமாம்சை, இதற்கு விருத்த வியவகாரம், அதாவது மொழியறிந்த மூத்தோரின் வழக்கு, என்று விடை தருகிறது. ஒருவர் "பசுவைக் கொண்டுவா" என்கிறார், மற்றவர் கொண்டுவருகிறார். பின்னர் "பசுவைக் கட்டு", "குதிரையைக் கொண்டுவா" என்று ஏவல்கள் மாற, எது மாறியது, எது மாறாமல் நின்றது என்பதைப் பார்த்திருக்கும் குழந்தை சொற்களைப் பிரித்துணர்கிறது. சொற்கள் ஒன்றோடொன்று தொடர்புற்ற நிலையிலேயே பொருளுணர்த்தும் என்பது மீமாம்சகருள் பிரபாகரர் வழியினரின் அன்விதாபிதானக் கொள்கை. முதலில் தனித்தனியே பொருள் தந்து பின்னரே இணையும் என்பது குமாரிலர் வழியினரின் அபிஹிதான்வயக் கொள்கை. சொல்லட்டை விளையாட்டு பின்னதற்கும், ஏவல் விளையாட்டு முன்னதற்கும் நெருங்கியது. 1920 முதல் 1926 வரை ஆஸ்திரியக் கிராமப் பள்ளிகளில் கற்பித்து, மாணவருக்கென ஓர் அகராதியும் வெளியிட்ட மெய்யியலாளர் விட்கென்ஸ்டைன், பிற்காலத்தில் மொழியையே விளையாட்டுகளின் தொகுதியாகக் கண்டதும் பிரபாகரர் பக்கமே சாய்கிறது.

கொழும்பில் இவ்வினா கூடுதல் கனம் பெறுகிறது. 1987இன் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. 1999இல் தரம் ஒன்றில் தொடங்கிய ஆரம்பக்கல்விச் சீர்திருத்தம் வழிகாட்டப்பட்ட விளையாட்டைக் கற்பித்தலின் ஒரு கூறாக ஏற்றது. ஆனால் வகுப்பறைகள் மொழிமூலத்தால் பிரிந்தே இயங்குவதால், காலி வீதிக் கடைகளிலும் பேருந்துகளிலும் அன்றாடம் ஒலிக்கும் அண்டை மொழிக்கு வகுப்பினுள் மூத்தோர் வழக்கு இல்லை. அந்த வெற்றிடத்தைப் பிள்ளைகளே நிரப்பிக்கொள்ள இடமளிப்பது ஏவல் விளையாட்டு. "பொத தியன்ன" (புத்தகத்தை வை), "பேன கேன்ன" (பேனாவைக் கொண்டுவா) என்று ஏவல்கள் மாறிவர, ஒருவர் ஏவ, ஒருவர் செய்ய, மற்றவர் பார்த்திருந்து அறியும் மீமாம்சகரின் காட்சி அங்கே மீண்டும் உருவாகிறது.

இவ்வாறு நோக்கினால், ஏவலைச் செய்யத் தவறியவரை ஆட்டத்திலிருந்து வெளியேற்றும் விதி பெருங்குறையாகும். சொல் எவருக்கு இன்னும் வேண்டியிருக்கிறதோ அவரையே அது முதலில் விலக்குகிறது. வாயில் உணர்வோரைப் பொறுத்தது என்ற இலக்கணக் கருத்துக்கும் அது முரணானது. தவறிய பிள்ளை சற்று நேரம் பார்த்திருந்து, அடுத்த ஏவலைத் தானே பிறப்பிக்குமாறு விதியை மாற்றினால், அப்பிள்ளை தவறவிட்ட சொல் அதன் வாயிலிருந்தே பிறக்க, இன்னொரு பிள்ளை அதனைச் செயலாக்கிக் காட்டும்.