இறைத்திட்டமா, நமது தாமதமா?

கருவுற்ற தாய் ஒருத்தி வலிப்பு கண்டு இறந்த வீட்டில், "எல்லாம் ஆண்டவருடைய சித்தம்" என்கிறோம். ஆறுதலாகச் சொல்லும் இச்சொல் எப்போதும் உண்மைதானா? நம் தாமதத்தை இறைவன்மேல் ஏற்றிவிடுகிறோமோ?

மருத்துவர் இந்நோயை 'எக்லாம்ப்சியா' என்பர். திடீரென ஒளிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் பிறந்த பெயர் அது. மின்னலெனத் தாக்குவதால் இதனைப் பேயின் செயலென்று மயங்கி மந்திரிக்கக் கொண்டுசெல்வோரும் உண்டு. ஆயினும், பெரும்பாலும் மின்னலுக்குமுன் மேகம் திரளவே செய்கிறது. கருவுற்ற 20 வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டுதல், சிறுநீரில் புரதம், தீராத தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவை அந்த மேகங்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் இந்த ஆபத்து சில வாரங்கள் வரை நீடிக்கலாம்.

மருந்தும் இல்லாமலில்லை. 33 நாடுகளில் ஏறத்தாழ 10,000 தாய்மாரிடம் நடந்து 2002-இல் வெளியான 'மேக்பை' ஆய்வு, மக்னீசியம் சல்பேட் என்னும் விலை மலிந்த மருந்து, இவ்வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேல் குறைப்பதைக் காட்டியது.

அறிந்தும் காக்கத் தவறினால் அது வெறும் விதியாகுமா? நல்ல சமாரியர் உவமையில் குருவும் லேவியரும் அடிபட்டவனை அடிக்கவில்லை. விலகிப் போனார்கள், அவ்வளவே. அதுவே அவர்கள் குற்றம். திருப்பலியின் தொடக்கத்தில், செய்த தீமைகளோடு செய்யத் தவறிய நன்மைகளுக்காகவும் நாம் மார்பில் தட்டிக்கொள்கிறோம். ஒரு நாள் கூலி போகுமென்று பரிசோதனையைத் தள்ளிப்போடும் கணவன், "பிள்ளைத்தாய்ச்சிக்குத் தலைவலி வருவதுதானே" என்னும் மாமியார், மருந்தை இருப்பில் வைக்காத நிர்வாகம், அடுத்த வீட்டுப் பெண்ணின் நிலையை விசாரியாத நாம் - யாவரும் இதில் பங்காளிகள் அன்றோ?

எனினும், எல்லா மரணங்களும் தவிர்க்கக்கூடியவை அல்ல. முன்னறிகுறியின்றி வரும் வலிப்பும் உண்டு. ஆகவே இழந்து கலங்கும் குடும்பத்தின்மேல் குற்றம் சுமத்துவது அன்பாகாது. இக்கேள்வி துக்க வீட்டில் கேட்பதற்கன்று. இன்னும் காலம் இருக்கும் வீடுகளில் நம்மையே கேட்டுக்கொள்வதற்கு.

செபம் மருத்துவத்திற்குப் போட்டியன்று. மருத்துவமனைக்கு விரையும் வண்டியிலும் செபமாலை சொல்லலாம். செபித்துவிட்டுப் போகலாமெனக் காத்திருப்பதைவிட, போய்க்கொண்டே செபிப்பதே விசுவாசம். உயிரைத் தந்தவரின் சித்தம், அதைக் காக்கும் நம் கைகள் வழியாகவும் நிறைவேறுகிறது.