துணியின் குறையும் கதவின் பூட்டும்

வணிகச் சகோதரர்களே! கூஃபா நகரில் துணி வியாபாரம் செய்து வந்த இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் வரலாற்றிலே ஒரு செய்தி உண்டு. பழுதுள்ள துணியொன்றை, பழுதைச் சொல்லியே விற்க வேண்டுமெனத் தம் கூட்டாளிக்குச் சொல்லியனுப்பினார்கள். அவரோ மறந்துபோய் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அச்சரக்கின் கிரயம் முழுவதையும் இமாமவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள்.

அது துணியிலேயே இருந்த பழுது. துணியை விரித்துப் பார்த்தாலும் தெரியாத பழுதொன்று உண்டு. அதைத் தைத்தவர்கள் பூட்டிய கதவுக்குள்ளே இருந்து தைத்தார்கள் என்றால், அதுவும் சரக்கின் குறைதானா? விற்பவனுக்கு அதில் பொறுப்புண்டா?

2012 செப்டம்பர் 11ஆம் நாள் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்னும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை எரிந்தது. ஜன்னல்களில் இரும்புக் கம்பி. வெளியேறும் வழிகளில் பூட்டு. 250 பேருக்கு மேல் மாண்டனர். தீ வைத்த குற்றத்துக்காக இருவருக்கு 2020இல் நீதிமன்றம் தண்டனை விதித்தது. ஆனால் தீ வைத்தவன் யார் என்பது ஒரு கேள்வி. கதவைப் பூட்டியவன் யார் என்பது வேறு கேள்வியன்றோ? இத்தனைக்கும், சில வாரங்களுக்கு முன்னர்தான் அத்தொழிற்சாலை சர்வதேசத் தரச் சான்றிதழ் பெற்றிருந்தது! அங்கே பெருமளவில் சரக்கெடுத்தது கிக் என்னும் ஜெர்மன் கம்பெனி. 2016இல் அக்கம்பெனி 50 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு தர இசைந்தது.

"காசைக் கொடுத்தேன், சரக்கை வாங்கினேன், அவன் கட்டடத்துக்கு நானா காவல்?" என்பார் உளர். பெருநாளுக்கு ஒரு சட்டை வாங்குபவர் அப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். ஆயிரம் உருப்படிக்கு விலையையும் தவணையையும் தாமே விதிப்பவர் சொன்னால் ஒப்புவதற்கில்லை. விலையை அடித்துக் குறைக்கத் தெரிந்தவருக்கு, எதைக் குறைத்து அந்த விலைக்குக் கொடுக்கிறாய் என்று கேட்கவும் வாயுண்டு. சான்றிதழைக் காட்டினான் என்பது பதிலாகாது, கராச்சியிலும் காட்டினார்கள்.

நமது ஜொகூரில் பத்து பகாட் ஆடைத் தொழிலுக்குப் பேர்போன ஊர். பெரிய ஆலைகள் ஒருபுறம் இருக்கட்டும். கீழே கடையும் மேலே தையலுமாக உள்ள கடைவீடுகளில், படிக்கட்டில் துணிக்கட்டும் பின்கதவில் பூட்டுமாக இருப்பது நாம் காணாததா? அங்கே கட்டடம் பிறருடையது என்ற சாக்கும் இல்லை. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஐந்து பேர் வேலை செய்தாலே, பாதுகாப்புக்கென ஒருவரை முதலாளி நியமித்தாக வேண்டும். கடமை தவறினால் அபராதம் 5 லட்சம் வெள்ளி வரை போகலாம்.

திருட்டுக்குப் பயந்துதான் பூட்டுகிறோம் என்பர். வெளியிலிருந்து திறக்காமல், உள்ளேயிருந்து தள்ளினால் மட்டும் திறக்கும் தாழ்கள் கடைகளில் கிடைக்கின்றன. திறந்தவுடன் மணியடிக்கும் வகையும் உண்டு.