எண்ணும் கருவியும் ஏற்ற விரதமும்

ஒரகடத்தில் ஓர் ஆலையில் பணியாற்றும் நம் தம்பி மகன், சென்ற பங்குனியில் ஊருக்கு வந்தபோது, தாயார் கேட்க, தன் கைபேசியை எடுத்துக் காட்டினான். புகைப்பழக்கத்தை விடுவதற்கென்றே அமைந்த செயலி ஒன்று அதில் இருந்தது. புகையின்றிக் கழிந்த நாள்கள் 41 என்றும், அதனால் மிஞ்சிய பணம் இவ்வளவு என்றும் அது கணக்குச் சொல்லிற்று. வீட்டார் அனைவரும் பாராட்டினோம். அவன் மட்டும் தலை நிமிரவில்லை. பொழுது சாயுமுன் உணவை முடித்து எழுந்தபின் நம்மிடம் தனியே வந்தான்.

இருபதாம் நாள், இரவுப்பணி முடிந்து வரும் வழியில், தேநீர்க் கடையருகே நண்பர்களோடு நின்றவன் ஒரு சிகரெட்டைப் பிடித்துவிட்டான். அதைப் பதிந்தால் எண் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். "பத்தொன்பது நாளும் வீணாகுமே, பெரியப்பா" என்றான். பதியவில்லை. அதன் பின்னரும் மூன்று முறை நேர்ந்தது, அவற்றையும் பதியவில்லை.

பொறியிடம் சொல்லும் பொய் பொய்யாகுமா? பொறிக்கு மனமில்லை, அது ஏமாறுவதுமில்லை. ஆயின் அந்த எண்ணை நம்பித் தாயார் மகிழ்ந்தார். நாள்தோறும் அதைப் பார்த்த அவனும் சிறிது சிறிதாக அதையே நம்பத் தொடங்கியிருந்தான். பொறியின் வழியாகப் பொய் மனிதரைத்தான் சென்றடைந்தது.

எனினும் பழி முழுவதும் அவனுடையதன்று. அந்தப் பூஜ்யமும் நீதியானதன்று என்றே நமக்குத் தோன்றுகிறது. விரதத்துக்கு நேரும் குற்றத்தை நம் ஆசாரியர்கள் ஒரே படியாகக் கருதவில்லை. அமிதகதி ஆசாரியர் நான்கு படிகளாகப் பகுத்தார். மனத்தூய்மை குன்றுவது அதிக்கிரமம். ஒழுக்கமாகிய வேலியைத் தாண்டுவது வியதிக்கிரமம். விலக்கிய பொருளில் ஈடுபடுவது அதிசாரம். அதிலேயே மிகப் பற்றுக் கொண்டு கிடப்பது அநாசாரம். நம் பிள்ளையின் வரலாற்றை இதில் வைத்துப் பாருங்கள். பணிநேரத்திலேயே அந்த நினைவு வந்தது முதற்படி. அறைக்குச் செல்லாமல் கடைப்பக்கம் கால் திரும்பியது இரண்டாவது. பற்றவைத்தது மூன்றாவது. நான்காம் படியை அவன் எட்டவேயில்லை. செயலியோ பிடித்தான், பிடிக்கவில்லை என்னும் இரண்டை மட்டுமே அறியும். மூன்றாம் படியில் நின்றவனை நான்காம் படியில் விழுந்தவனாகவே அது எழுதும். அங்ஙனம் எழுதப்படுவதற்கு அஞ்சியே அவன் மறைத்தான்.

இதனால் கருவியே வேண்டாவென்று நாம் கூறவில்லை. விரதம் ஜிநர் திருமுன் ஏற்கத்தக்கது, கைபேசியில் ஏற்பதா என்று கேட்கும் பெரியோர், சாமாயிகத்தின் 48 நிமிடத்தைக் கைக்கடிகாரம் பார்த்தே முடிக்கின்றனர். அந்தத் தொழிற்பகுதிக்குக் கைபேசி அயற்பொருளுமன்று. 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை கைபேசிகளைச் செய்தது; இன்று அங்கே ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐஃபோன்கள் உருவாகின்றன. இரவும் பகலும் மாறி மாறிப் பணி, ஊரை விட்டு வாடகை அறையில் வாழ்வு. அங்கே உடனிருப்பது கைபேசி ஒன்றே.

பயனைப் பற்றியும் மிகைப்படுத்தாமல் பேச வேண்டும். 2019இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, குறுஞ்செய்தி வழி உதவியால் புகையை விடுவோர் கூடுகின்றனர் என்றும், செயலிகளைப் பற்றி உறுதி கூறப் போதிய சான்று இல்லை என்றும் முடிவு செய்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகர ஆய்வாளர் 2,415 பேரைக் கொண்டு இரு செயலிகளை ஒப்பிட்டனர். ஒன்று புகை வேட்கையை விலக்கச் சொல்வது. மற்றொன்று, வேட்கை எழுந்து அடங்குவதை அதற்கு இணங்காமல் பார்த்திருக்கப் பழக்குவது. ஓராண்டுக்குப்பின் கேட்டபோது, முந்திய 30 நாளில் புகைக்காதோர் முன்னதில் 21 விழுக்காடு, பின்னதில் 28 விழுக்காடு. முதற்படியிலேயே தன்னைக் கண்டுகொள்பவன் மூன்றாம் படிக்குச் செல்வது குறையும் போலும்.

பொறியைக் குறை கூறும் நாமும் இல்லங்களில் அதே பூஜ்யத்தைத்தான் கையாள்கிறோம். "நம் குடியில் பிறந்தவனா நீ" என்ற ஒரு சொல்லில் பிள்ளையின் பத்தொன்பது நாளையும் அழித்துவிடுகிறோம். அதன் பிறகு அவன் பிரதிக்கிரமணத்தில் தன் குற்றத்தை நினைவுகூரலாம், நம்மிடம் கூறான். சிகரெட்டுப் பெட்டிகளில் 2018 செப்டம்பர் முதல் 1800-11-2356 என்னும் இலவச உதவி எண் அச்சாகிறது. பெற்றோரிடம் சொல்லாததை முகமறியாத ஒருவரிடம் சொல்லிப் பிள்ளை உதவி பெறுவது நல்லதே. ஆனால் நம்மிடம் ஏன் சொல்லவில்லை என்று அப்போது நாம் வருந்துவதில் பொருளில்லை.

மறுநாட்காலை அவன் செயலியில் உள்ளதை உள்ளபடி பதிந்தான். எண் குறைந்தது. சுவரிலிருந்த நாட்காட்டியை எடுத்து, அந்த 41 நாளில் நான்கு கட்டங்களை மட்டும் பென்சிலால் கறுத்தான். பேருந்துக்குப் புறப்படுமுன் அதைத் தாயாரிடம் கொடுத்து விவரம் சொன்னான். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், அந்த நான்கு நாளும் எந்தப் பணிமுறை என்று கேட்டார். நான்கும் இரவுப்பணி.