பசையில்லாத பிடிப்பு

பற்றின்றிப் பணிபுரிய வேண்டும் என்ற உபதேசத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சத்சங்கத்தில் அமர்ந்து கேட்கும்போது தெளிவாகத் தோன்றும் இவ்வுபதேசம், வீடு திரும்பியதும் ஓர் ஐயத்தைக் கிளப்புகிறது. பற்றே இல்லாவிட்டால் பணியில் ஊக்கம் எங்கிருந்து வரும்? பிள்ளைகளிடம் பற்றில்லாத தாய் அவர்களை எவ்வாறு வளர்ப்பாள்? தொழிலில் பற்றில்லாதவன் அதை எவ்வாறு செம்மையாகச் செய்வான்? இறுகப் பிடிப்பதையும் எளிதில் விடுவதையும் ஒரே கை கற்க முடியுமா?

இந்த ஐயத்தை இருவிதமாகத் தீர்த்துக்கொள்பவர்களை நாம் காண்கிறோம். சிலர், 'இது துறவிகளுக்குச் சொன்னது. இல்லறத்தாருக்குப் பொருந்தாது' என்று ஒதுக்கிவிடுகின்றனர். வேறு சிலர், வைராக்கியம் என்ற பெயரில் கடமைகளில் கை தளர்ந்துவிடுகின்றனர். இரு சாராரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். பிடிப்பின் உறுதியும் விடுதலும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணுவதே அத்தவறு. அவை பகையல்ல என்பதை ஒரு விளையாட்டுப் பொருள் நமக்கு அழகாகக் காட்டுகிறது.

கொலுப் படியின் அருகே

நவராத்திரி நாட்களில் பெங்களூருவின் பசவனகுடி, மல்லேஸ்வரம், அல்சூர் போன்ற பகுதிகளில் தமிழர் வீடுகளிலும் கன்னடத்தவர் வீடுகளிலும் பொம்மைக் கொலு விளங்குகிறது. படிகளில் மரப்பாச்சியும் தெய்வத் திருவுருவங்களும் வீற்றிருக்க, படிகளின் கீழே பிள்ளைகள் தங்களுக்கென்று ஒரு நகரத்தை அமைப்பார்கள். முன்பெல்லாம் மணலைப் பரப்பி, கேழ்வரகோ கடுகோ விதைத்துப் பயிர் முளைக்கச் செய்து, கண்ணாடித் துண்டைக் குளமாக வைப்பார்கள். இன்று பல வீடுகளில் அந்த நகரம், ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகளால் எழுகிறது. ரயில் நிலையம், மேம்பாலம், கோபுரம் என்று குழந்தையின் கற்பனைக்கு ஏற்ப அது வளர்கிறது.

இக்கட்டைகளில் பெயர் பெற்றது டென்மார்க் நாட்டின் லெகோ. அதைக் கொண்டு கட்டுவது குழந்தைகளின் விளையாட்டாக மட்டும் நின்றுவிடவில்லை. உலகெங்கும் பெரியவர்கள் பலர் வேலை முடிந்த மாலைகளில் மாதக்கணக்கில் அமர்ந்து, கோட்டைகளையும் கப்பல்களையும் அரண்மனைகளையும் உருவாக்குகின்றனர். 2008-இல் அந்நிறுவனம் வெளியிட்ட தாஜ்மகால் மாதிரியில் மட்டும் 5,922 துண்டுகள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பொருத்துவதற்கு வேண்டிய பொறுமையைச் சிறு தவம் என்றே சொல்லலாம்.

விஜயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்க வைக்கிறோம். மறுநாள் பொம்மைகள் பழந்துணியில் சுற்றப்பட்டுப் பெட்டிக்குள் செல்கின்றன. கீழே இருந்த நகரமும் கலைக்கப்படுகிறது. உடைக்காமலேயே அதைக் கலைக்க முடிகிறது என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது. அத்தனை உறுதியாக நின்ற கோபுரம், ஒரு கட்டைகூடச் சேதமாகாமல் பிரிந்து வருகிறது. இது எவ்வாறு சாத்தியமாயிற்று?

தளர்ந்த கட்டையும் பொருந்திய கட்டையும்

ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் வாழ்ந்த தச்சர். பெங்களூருவிலிருந்து மைசூரு செல்லும் வழியிலுள்ள சன்னபட்டணத்துக் கைவினைஞர்களைப் போல அவரும் மரத்தில் பொம்மை செய்தவர். 1932-இல் அத்தொழிலைத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரு டேனிஷ் சொற்களைச் சுருக்கி, தம் தொழிலுக்கு லெகோ என்று பெயரிட்டார்.

அவருடைய தொழில் நெறியைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று அந்நிறுவன வரலாற்றில் போற்றப்படுகிறது. மரத்தாலான வாத்துப் பொம்மைகளுக்கு மூன்று முறை மெருகெண்ணெய் பூசுவது வழக்கம். இளைஞரான மகன் கோட்ஃபிரெட் ஒருமுறை இரண்டு பூச்சோடு நிறுத்தி, பெட்டிகளை ரயில் நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, பணம் மிச்சமானது என்று தந்தையிடம் மகிழ்ச்சியோடு சொன்னார். தந்தையோ, உடனே சென்று பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து, மூன்றாவது பூச்சையும் தாமே பூசி முடிக்குமாறு ஆணையிட்டார். ஒரு பூச்சைக்கூட விட்டுக்கொடுக்காத இதே மனிதரின் வீடும் பட்டறையும் 1924-இல் தீக்கிரையாயின. 1942-இல் தொழிற்சாலையும் எரிந்தது. இரண்டு முறையும் அவர் மீண்டும் கட்டினார். பணியின் செம்மையை அவர் இறுகப் பிடித்திருந்தார்; எரிந்துபோனதை விடவும் அறிந்திருந்தார்.

1949-இல் இந்நிறுவனம் முதன்முதலாகப் பிளாஸ்டிக் கட்டைகளைச் செய்தது. மேலே குமிழ்கள் இருந்தன. அடிப்புறம் வெறும் பொள்ளல். ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்ததே தவிர, உறுதியாகப் பிடிக்கவில்லை. சற்றே அசைந்தாலும் கட்டடம் சரிந்தது. தீர்வைக் காணப் பல ஆண்டுகள் ஆயின. 1958 ஜனவரி 28-ஆம் நாள் கோட்ஃபிரெட் புதிய அமைப்புக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். கட்டையின் அடிப்புறப் பொள்ளலுக்குள் சிறு குழல்கள் அமைக்கப்பட்டன. கீழ்க்கட்டையின் குமிழ் ஒவ்வொன்றும் மேற்கட்டையின் சுவருக்கும் குழலுக்கும் இடையே சிக்கி நிற்கிறது. பசையில்லை, ஆணியில்லை; ஆயினும் பிடிப்பு உறுதியாகிவிட்டது.

பின்னும் ஒரு குறை எஞ்சியிருந்தது. அன்று பயன்பட்ட பிளாஸ்டிக் காலப்போக்கில் உருத்திரிந்தது. அதனால் பிடிப்பும் தளர்ந்தது. 1963-இல் ஏபிஎஸ் என்ற உறுதியான பிளாஸ்டிக்குக்கு மாறினர். அழுத்தும்போது மிகச் சிறிதளவு வளைந்துகொடுத்து, விடுபட்டதும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்புவது இதன் இயல்பு. 1958-இல் செய்த கட்டையும் இன்று செய்யும் கட்டையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

மூவகை மனிதர்

தமிழில் 'பற்று' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். உலோகங்களை உருக்கி ஒட்டுவதைப் பற்றவைத்தல் என்கிறோம். அதற்குப் பயன்படும் பொடியைப் பற்றாசு என்றனர். 'பசை' என்ற சொல்லும் ஒட்டும் பொருளையும் அன்பின் பிணைப்பையும் சேர்த்தே குறித்து வந்திருக்கிறது. சாத்திரங்கள் விடச் சொல்லும் பற்று இத்தகையதே. இரண்டு பொருள்களை, சேதமின்றிப் பிரிக்க இயலாதபடி ஒன்றாக்கிவிடும் ஒட்டு அது. கோத்துப் பிடிக்கும் உறுதியை விடும்படி எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. துறவுக்கு 35-ஆம் அதிகாரத்தை வகுத்த அதே வள்ளுவப் பெருந்தகை, இடைவிடா முயற்சியைப் போற்றி ஆள்வினையுடைமை என்ற 62-ஆம் அதிகாரத்தையும் வகுத்தார். கீதையும் யோகத்தைச் செயல்திறனோடு சேர்த்தே பேசுகிறது.

இவ்வாறு நோக்கினால் மனிதர் மூவகையினர் ஆகின்றனர். முதல் வகையினர் 1949-ஆம் ஆண்டுக் கட்டையைப் போன்றவர்கள். 'எல்லாம் மாயை' என்று சொல்லிக்கொண்டு, ஊரிலிருக்கும் தாயின் உடல்நலத்தைத் தொலைபேசியில் விசாரிக்கவும் மறப்பார்கள். இவர்களிடம் இருப்பது வைராக்கியம் அன்று, பிடிப்பின்மை. இவர்களை நம்பி எதையும் கட்ட முடியாது.

இரண்டாம் வகையினர் பசையிட்டு ஒட்டிய கட்டைகள். பெங்களூரு போன்ற நகரில் இவர்களை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். பெரும் பதவியிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து ஆண்டுகள் ஆகியும், பெயர்ப்பலகையில் பழைய பதவியைச் சுமந்துகொண்டு, வணக்கம் சொல்லாமல் போகிறவர்களைக் கண்டு வாடுகிறவர்கள் உண்டு. மகன் தன் விருப்பப்படி மணந்ததற்காகவோ வெளிநாடு சென்றதற்காகவோ அவனுடன் பேச்சையே நிறுத்திக்கொண்ட பெற்றோரும் உண்டு. இவர்களிடம் அன்பு குறைவில்லை. ஆனால் பிரிவு வரும்போது இரண்டில் ஒன்று உடைகிறது. சில வேளைகளில் இரண்டுமே உடைகின்றன.

மூன்றாம் வகையினர் முழுமையாகப் பொருந்துகின்றனர். வேளை வரும்போது தாமும் உடையாமல் பிறரையும் உடைக்காமல் விலகுகின்றனர். கர்மயோகி என்று நம் சாத்திரங்கள் கூறுவது இவர்களையே.

ஒட்டியவரும் கலைக்க நேர்ந்தவரும்

நியூயார்க்கில் வழக்கறிஞராக இருந்த நேதன் சவாயா, அத்தொழிலை விட்டு இக்கட்டைகளால் சிற்பம் சமைக்கும் கலைஞரானார். அவரது படைப்புகளின் கண்காட்சி 2007-இல் தொடங்கிப் பல நாடுகளுக்கும் சென்றது. 80,020 கட்டைகளாலான 20 அடி நீள டைனோசர் எலும்புக்கூடு அவற்றில் ஒன்று. ஊர் ஊராகச் செல்ல வேண்டிய சிற்பங்கள் என்பதால் அவர் ஒவ்வொரு கட்டையையும் பசையிட்டு ஒட்டுகிறார். அது அவருடைய கலைக்குத் தேவையே, குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஒரு கட்டை தவறாக அமைந்துவிட்டால் அதைப் பெயர்க்க அவருக்கு உளியும் சுத்தியலும் வேண்டியிருக்கின்றன. பசையின் விலை இதுதான். ஒட்டிய பிறகு திருத்திக்கொள்வதும் வலியோடுதான் நிகழ்கிறது.

மற்றொரு நிகழ்ச்சி வேறொரு கேள்வியை எழுப்புகிறது. 2009-இல் இங்கிலாந்தின் டார்க்கிங் நகருக்கு அருகே, தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜேம்ஸ் மே, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களின் துணையோடு ஏறத்தாழ 33 லட்சம் லெகோ கட்டைகளால் இரண்டு மாடி வீடு ஒன்றைக் கட்டினார். அதில் ஓர் இரவு உறங்கவும் செய்தார். வேறிடத்துக்கு மாற்றும் செலவு மிகுதி என்பதால் அதை ஏற்பார் இல்லாமல் போகவே, அதே ஆண்டு செப்டம்பரில் வீடு கலைக்கப்பட்டது. அவர் வருந்தினார்.

இந்த வருத்தம் பற்றா? சாதகர் பலர் இங்கே தம்மை வீணாக வதைத்துக்கொள்கின்றனர். அன்புக்குரியவர் மறைந்தபோது கண்ணீர் வந்தால், 'இத்தனை ஆண்டு சாதனையும் வீணாயிற்றே' என்று கலங்குகின்றனர். கட்டையைப் பிரிக்கும்போதும் விரலுக்குச் சற்று வலிக்கத்தான் செய்கிறது. உறுதியாகப் பொருந்தியதன் அடையாளம் அது. பற்றுக்கு உரைகல் வலி அன்று. விலகிய பிறகு நாம் மீண்டும் பொருந்தும் தகுதியோடு இருக்கிறோமா, அடுத்த கடமைக்கு நம் உள்ளம் இடங்கொடுக்கிறதா என்பதே உரைகல்.

விடுபட்டது வீணாவதில்லை

'மனிதரைப் பொம்மைக் கட்டையோடு ஒப்பிடலாமா? ஒரு கட்டைக்குப் பதில் இன்னொன்றைப் பொருத்தலாம். தாய்க்குப் பதில் இன்னொருவரைப் பொருத்த முடியுமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எந்த உறவுக்கும் மாற்று இல்லை. விடுதல் என்பது மாற்றிக்கொள்வது அன்று. உரிமை கொண்டாடுவதை விடுவதே ஆகும். தாய் மறைந்தபின் அவளிடம் கற்ற பரிவு நம்முள் இருக்கிறது. அது வேறொருவரின் துயர் துடைக்கப் பயன்படுகிறது.

எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் இரண்டை 24 விதங்களில் இணைக்கலாம். அத்தகைய ஆறு கட்டைகளை 91,51,03,765 விதங்களில் இணைக்கலாம் என்று கணித அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். விடுபட முடிகிற ஆறு கட்டைகளுக்குள் இத்தனை வடிவங்கள் காத்திருக்கின்றன; ஒட்டிய ஆறு கட்டைகளுக்கோ ஒரே வடிவம்தான்.

2014-இல் அமெரிக்காவின் சான்டா கிளாரா நகரில் வாழ்ந்த இந்திய வம்சாவளிச் சிறுவன் சுபம் பானர்ஜிக்குப் பன்னிரண்டு வயது. பார்வையற்றோருக்கான பிரெய்ல் அச்சுப்பொறியின் விலை 2,000 டாலர் அளவில் இருப்பதை அறிந்து வியந்தான். சுமார் 350 டாலர் விலையுள்ள லெகோ இயந்திரப் பொம்மைத் தொகுதி ஒன்றைக் கொண்டு, கட்டியும் கலைத்தும் முயன்று, பிரெய்ல் எழுத்தை அச்சிடும் கருவியை உருவாக்கினான். பொம்மையாக இருந்த துண்டுகளே பிறர்க்குப் பணிபுரியும் கருவியாயின. முந்தைய வடிவத்தை விட்டதால்தான் அவை இந்த வடிவத்துக்கு வர முடிந்தது.

வேதாந்தம் நாம ரூபம் என்று கூறுவதும் இங்கே விளங்குகிறது. மாதிரித் தாஜ்மகால் பெட்டிக்குள் சென்றபோது இழந்தது என்ன? ஒரு பெயரும் ஒரு வடிவமும் மட்டுமே. ஒரு கட்டையும் குறையவில்லை.

நாம் செய்ய வேண்டியது

வளைந்தாலும் தன் வடிவத்துக்குத் திரும்பும் இயல்பே அக்கட்டையின் உறுதிக்கும் விடுதலைக்கும் காரணம் என்று கண்டோம். கட்டைக்கு அது அச்சில் வார்க்கும்போதே கிடைத்துவிடுகிறது. மனிதன் அதைப் பயிற்சியால் பெற வேண்டும். பகல் முழுவதும் உலகம் நம்மை அழுத்துகிறது, நாம் வளைகிறோம். அதிகாரி, தந்தை, மருமகள் என்று ஏற்ற வேடங்களின் வடிவத்திலேயே நின்றுவிடாமல், நாள்தோறும் சிறிது நேரமாவது நம் சொந்த நிலைக்குத் திரும்ப வேண்டும். ஜபமும் தியானமும் அதற்கே. அவற்றைத் தவறாது செய்பவர் மறுநாள் கடமையில் இன்னும் உறுதியாகப் பொருந்துவார்.

உறங்கப் போகுமுன் இரண்டு கேள்விகளை நம்மிடமே கேட்போம். இன்று எனக்களிக்கப்பட்ட பணியில், மூன்றாவது பூச்சையும் பூசினேனா? இன்று என் கையிலிருந்து எடுக்கப்பட்டதை, யாரையும் உடைக்காமல் கொடுத்தேனா? முதல் கேள்விக்கு விடை 'இல்லை' என்றால் நமக்கு வேண்டியது ஊக்கம். இரண்டாவதற்கு விடை 'இல்லை' என்றால் நமக்கு வேண்டியது விவேகம். இரண்டையும் அருளுமாறு இறைவனை வேண்டிக்கொண்டு உறங்கச் செல்வோம்.