அடியாத மாடும் கூலியாளின் அறமும்

"அடியாத மாடு பணியாது" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். "அடித்து வளர்க்காத பிள்ளையும் முறுக்கி வளர்க்காத மீசையும்" என்று தொடங்கும் வாக்கும் ஒன்று உண்டு. மாட்டையும் பிள்ளையையும் மீசையையும் ஒரே நுகத்தில் பூட்டிய இம்மொழிகளில் நாய்க்கு இடமில்லை. அதனைத் தனியே சொல்ல வேண்டிய தேவை எழவில்லை போலும். தெருவில் ஒருவர் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தாலும், கல்லெடுக்கத்தான் குனிகிறார் என்று எண்ணி ஓடுகின்றன நம் ஊர் நாய்கள். எத்தனை தலைமுறைக் கல்லடி அந்த ஓட்டத்துக்குள் இருக்கிறது என்று நாம் நின்று நினைப்பதில்லை.

இத்தகைய மதுரையில் இன்று ஒரு புதுத் தொழில் கால்கொண்டு வருகிறது. பிரம்பையும் கழுத்தை இறுக்கும் சங்கிலியையும் தொடாமல், அவித்த ஈரலில் ஒரு துணுக்கும் ஒரு நல்ல சொல்லும் கொண்டு வீட்டு நாய்களைப் பழக்குவோர் இருக்கின்றனர். வீட்டார் வேளாங்கண்ணித் திருநாளுக்கோ வெளியூர்த் திருமணத்துக்கோ சென்றால், அவர்கள் திரும்பும்வரை நாயைப் பார்த்துக்கொள்ளக் கூலி பெறுவோரும் இருக்கின்றனர். பிள்ளைகள் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட, முதியோர் இருவரும் ஒரு நாயுமாய் எஞ்சி நிற்கும் இல்லங்களுக்கு இவர்களுடைய உதவி பெரிது. ஆயினும் இதைக் கேட்டுச் சிரிப்பவர் உண்டு. "நாய்க்கு வாத்தியாரா? நாய்க்கு ஆயாவா?" என்பர். சிரிப்பு ஓய்ந்தபின் எழ வேண்டிய வினாக்கள் இரண்டு என்று நமக்குத் தோன்றுகிறது. அச்சத்தால் பெறும் கீழ்ப்படிதலுக்கும் அன்பால் பெறும் கீழ்ப்படிதலுக்கும் அறநோக்கில் வேறுபாடு உண்டா? யாரும் காணாத இடத்தில், முறையிட வாயில்லாத ஓர் உயிரிடம் ஒரு கூலியாள் ஏன் நேர்மையாய் இருக்க வேண்டும்?

நாயைப் போற்றுதல் மேனாட்டார் பழக்கம் என்று ஒதுக்கிவிட இயலாது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உள்ளது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆநிரைப் பூசலில் மாண்ட வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே கூறுகிறது. அந்தப் பூசலில் மாண்ட எத்தனையோ மனிதரின் பெயர் மறைந்துபோக, ஒரு நாயின் பெயர் நிலைத்துவிட்டது. நமக்கு அண்மையிலேயே இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை ஆகிய ஊர்கள் தம் பெயரை நாய் இனங்களுக்குத் தந்துள்ளன. 2005ஆம் ஆண்டு சனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல் தலைகளுள் ஒன்று இராசபாளையத்துக்கு உரியது. அஞ்சல் தலையில் ஏறிய அதே வெள்ளை நாயைத்தான், ஓடுவதற்கென்றே பிறந்த அந்த வேட்டை நாயைத்தான், அக்னி நட்சத்திர வெயிலில் இரண்டு முழச் சங்கிலியில் வாயிற்கம்பியோடு கட்டி வைக்கிறோம். "முரட்டு நாய்" என்று பலகையும் எழுதி மாட்டுகிறோம்.

அடித்துப் பழக்கும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. செருமானியக் காவல் துறையைச் சார்ந்த கொன்ராட் மோஸ்ட் என்பார் 1910இல் நாய்ப் பயிற்சி நூல் ஒன்றை வெளியிட்டார். வலியும் கட்டாயமும் அதில் முக்கிய இடம் பெற்றன. படைநாய்களுக்கென வகுத்த முறை காலப்போக்கில் வீட்டு முற்றத்துக்கும் வந்து சேர்ந்தது. பின்னர் ஓநாயைச் சாட்சிக்கு அழைத்தனர். சுவிட்சர்லாந்தின் பாசல் நகர விலங்குக் காட்சிச்சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்த ருடால்ஃப் ஷெங்கல், அவை மேலாண்மைக்காகத் தமக்குள் போரிடுவதை 1947இல் எழுதினார். அதிலிருந்து, ஓநாய்க் கூட்டத்தை வலியவனே ஆள்கிறான், நாயும் ஓநாயின் வழித்தோன்றல், எனவே வீட்டுத் தலைவர் நாயை அடக்கி ஆள வேண்டும் என்றொரு தருக்கம் பிறந்தது. கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. ஆனால் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் காட்டில் வாழும் ஓநாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1999இல் எழுதியது வேறு. இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம். அதன் 'தலைவர்' தாயும் தந்தையுமே. குட்டிகள் பெற்றோரைப் பின்தொடர்கின்றன. அவ்வளவே. இந்த மேலாண்மைக் கருத்தைப் பரப்பியதில் 1970இல் வெளிவந்த தம் நூலுக்கும் பங்குண்டு என்பதால், அவரே அதனைத் திருத்த முன்வந்தார். அறிஞர்க்கு அழகு அது. சிறைக்கூடத்துச் சண்டையைப் பார்த்துவிட்டு அதுவே குடும்பத்தின் சட்டம் என்று நம்பியிருக்கிறோம், பல்லாண்டுகளாக.

மென்மை முறை எவ்வாறு இயங்குகிறது? நாய் தானாகவே அமர்கிறது. அமர்ந்த அந்த நொடியிலேயே "சபாஷ்" என்ற சொல்லோ 'கிளிக்' என்னும் சிற்றொலியோ கேட்கிறது. உடனே ஒரு துணுக்கு ஈரல் கிடைக்கிறது. இரண்டு நொடி தாழ்த்தினாலும் பாடம் மாறிவிடும். அமர்ந்ததற்கா எழுந்ததற்கா பரிசு என்று நாய்க்கு விளங்காது. எனவே முதலில் பழக வேண்டியவர் பழக்குபவரே. அவருக்குக் கண் வேண்டும், பொறுமை வேண்டும், தம் சினத்தின்மேல் ஆட்சி வேண்டும். பிரம்பு பிடித்தவருக்கு இவற்றுள் எதுவும் கட்டாயமில்லை. கொட்டாவி விடுதல், உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் ஆகியவை நாயின் கலக்கத்தைக் காட்டும் குறிகளாக இருக்கக்கூடும். இவற்றை யாரும் மதிக்காதபோது அது உறுமுகிறது. உறுமல் என்பது அதன் கெஞ்சல். "இதற்குமேல் வேண்டாம்" என்னும் விண்ணப்பம். உறுமியதற்கு அடி வாங்கிய நாய் உறுமலை விட்டுவிடும்; அச்சத்தை விடாது. பின்னொரு நாள் முன்னறிவிப்பின்றிக் கடிக்கும். "நன்றி கெட்ட நாய்" என்பர் வீட்டார்.

இங்கே சிலர் இடைமறித்து, "தின்பண்டம் கொடுத்துப் பெறுவது லஞ்சம் அல்லவா?" எனக் கேட்பர். தக்க வினாவே. லஞ்சம் முன்னே காட்டப்படுவது. ஊதியம் பின்னே தரப்படுவது. நல்ல பயிற்சியாளர் இவ்வேறுபாட்டை நன்கு அறிவர். கையில் உணவை ஆட்டிக் காட்டி அழைப்பதை விரைவில் நிறுத்திவிடுவர். நாள் செல்லச் செல்ல உணவும் குறையும். திறக்கும் கதவும், மாலை நடையும், காதோரம் சொறிந்துவிடும் கையுமே பரிசாகிவிடும். இருப்பினும் பரிசை எதிர்பார்த்துச் செய்வதுதானே என்றால், ஆம், உண்மைதான். பரிசே எதிர்பாராத கீழ்ப்படிதலை நாயிடம் கேட்குமுன், நம் செபங்களில் எத்தனை விண்ணப்பம், எத்தனை நன்றி என்று எண்ணிப் பார்த்தல் தகும்.

அச்சத்தின் கதை இன்னும் நுட்பமானது. செருப்பைக் கடித்த நாய் தலை தாழ்த்தி, காதை மடக்கி, கடைக்கண்ணால் பார்ப்பதைக் கண்டு "தப்பு செய்தது அதற்கே தெரிகிறது" என்போம். அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 2009இல் இதனைச் சோதித்தார். நாய் தடுத்த உணவைத் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தக் 'குற்றப் பார்வை'க்கும் தொடர்பில்லை; உரியவர் கடிந்துகொண்டபோதுதான் அது தோன்றியது. எனவே நாம் மனத்துயர் என்று நினைத்தது வெறும் நடுக்கமே. சிறு வயதில் உத்தம மனஸ்தாப மந்திரத்தை மனப்பாடம் செய்த நமக்கு இவ்வேறுபாடு புதிதன்று. நரகத்துக்கு அஞ்சி வருந்துவது ஒன்று. அன்புசெய்தவரை நோகச் செய்தோமே என வருந்துவது வேறு. அச்சத்தில் பிறந்த வருத்தத்தையும் திரிதெந்து பொதுச்சங்கம் பயனற்றது என்று தள்ளிவிடவில்லை. எனினும் திருச்சபை நம்மை அங்கேயே நிற்கச் சொல்லவுமில்லை. நாய்க்குப் பாவமும் இல்லை, பாவசங்கீர்த்தனமும் இல்லை. கேள்வி, நடுங்கும் பார்வையைக் கண்டு நிறைவுறும் நம் உள்ளத்தைப் பற்றியது. புனித தொன் போஸ்கோ ஒன்பது வயதில் கண்ட கனவில், முரட்டுச் சிறுவரைக் கைமுட்டியால் அடக்கப் பாய்ந்தபோது, அடியால் அன்று, கனிவால் வெல்ல வேண்டும் என்று அவருக்கு உணர்த்தப்பட்டதாம். 1877இல் அவர் எழுதிய தடுப்பு முறைக் கல்வி பற்றிய சிறு நூல் அக்கனவின் விளக்கம் எனலாம். தூரின் நகர இருட்டுத் தெருக்களில் அவருக்குக் காவலாய் வந்ததோ 'கிரிஜோ' என்னும் ஒரு சாம்பல் நிற நாய்!

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆலய வாசலில் ஏழைகள் அமர்ந்திருக்க, நாய்க்கு ஆசிரியர் தேவையா? கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி விலங்குகளுக்குக் கனிவு கடமை என்கிறது. தேவையின்றி அவற்றை வதைத்தல் மனித மாண்புக்கு முரண் என்கிறது. அதே இடத்தில், மனிதத் துயரைப் போக்க முதலில் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுதல் தகாது என்றும் எச்சரிக்கிறது. நாய்க்குப் பட்டுச் சட்டை தைத்துப் பிறந்தநாள் கொண்டாடுவோரை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் பயிற்சி அத்தகைய ஆடம்பரம் அன்று. கட்டிவைத்து, அடித்து, வெறியேற்றிய நாய் கடிப்பது யாரை? வீட்டாரை மட்டும் கடிக்கும் என்பதில்லை. அதிகாலையில் வரும் செய்தித்தாள் பையனையும், பாத்திரம் துலக்க வரும் அம்மாவையும், தபால்காரரையும் கடிக்கும். மருத்துவமனை வரிசையில் நின்று அன்றைய கூலியை இழப்பவர் அவர்களே. நாயை நன்கு பழக்குதல் ஏழைக்கு நாம் செலுத்த வேண்டிய கடன். நாய்களுக்கும் ஏழைக்கும் பகை மூட்டியவர்கள் வீட்டுக்காரர்கள்தாம். இலாசரின் புண்களை நக்க அருகே சென்றவை நாய்கள் அன்றோ?

எண்ணிக்கை நூலில் வரும் பிலயாமின் கழுதையை நாம் இன்னும் சரியாய் வாசிக்கவில்லை என்று தோன்றுகிறது. அது மும்முறை விலகிற்று. மும்முறை அடி வாங்கிற்று. இறைவாக்கினர் காணாத வானதூதரை அது கண்டிருந்தது. அது விலகியிராவிடில் மடிந்திருப்பவர் பிலயாமே. அடங்காமை என்று நாம் பெயரிடுவது, நாம் காணாத ஒன்றை அவ்வுயிர் கண்டதாகவும் இருக்கலாம்.

இனி, கூலியாள். யோவான் நற்செய்தியில் கூலிக்காரருக்கு நற்பெயர் இல்லை. ஓநாய் வரக் கண்டதும் அவர் ஓடிவிடுவார், ஆடுகள் அவருடையவை அல்லவே. பூட்டிய வீட்டில் அடுத்தவர் நாயோடு தனித்திருக்கும் பராமரிப்பாளரும் கூலிக்காரர்தாம். தண்ணீரை மாற்றவில்லை என்று நாய் சொல்லப்போவதில்லை. அரைமணி நடை பத்து நிமிடமாய்ச் சுருங்கியதைச் சொல்லப்போவதில்லை. ஓர் உதை விழுந்தாலும் சொல்லப்போவதில்லை. வீட்டார் திரும்பியதும் வாலை ஆட்டும். இதைவிடக் கடினமான நேர்மைச் சோதனை நம் தொழில்களுள் மிகச் சிலவற்றிலேயே உண்டு. ஆயினும் விவிலியம் வேறு வகைக் கூலியாளரையும் காட்டுகிறது. யாக்கோபு இலாபானிடம் இருபது ஆண்டுகள் உழைத்தார். பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் வாடினார். காட்டு விலங்கு கிழித்த ஆட்டின் இழப்பைத் தாமே ஏற்றார். அதே யாக்கோபுதான் முன்பு கண் மங்கிய தந்தையை ஏமாற்றியவர். அவர் நேர்மையைக் கற்றது ஆட்டு மந்தையின் நடுவே என்று சொல்லத் துணியலாம்.

தோபித்து நூலில் ஒரு கூலியாள் வருகிறார். பார்வையிழந்த தோபித்து, தம் மகன் தோபியாவுக்கு வழித்துணையாக அவரை நாளொன்றுக்கு ஒரு திராக்மா கூலிக்கு அமர்த்துகிறார். அவர் வானதூதர் இரபேல் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர்களோடு ஒரு நாயும் புறப்படுகிறது. யாருடைய நாய், ஏன் போயிற்று என்று நூல் விளக்கவில்லை. அது எந்த அருஞ்செயலும் ஆற்றவுமில்லை. மீனைப் பிடித்ததும், மணம் முடித்ததும், கடனைப் பெற்றதும் எல்லாம் முடிந்து திரும்பும்போதும் அது உடன் வருகிறது. நெடுவழி முழுதும் அதற்கும் யாரோ தண்ணீர் காட்டியிருக்க வேண்டும். புனித எரோணிமுவின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் அந்நாய் எல்லாருக்கும் முன்னதாக ஓடி, செய்தி கொணரும் தூதனைப் போல வாலைக் குழைத்து மகிழ்ந்துகொண்டு வீடு சேர்கிறது. தாய் அன்னா வழிமேல் விழி வைத்து அமர்ந்திருக்கிறார். தோபித்துவுக்கு அப்போது இன்னும் பார்வை திரும்பியிருக்கவில்லை.