பத்ரியில் வேகாத பருப்பு

ஜப்பானுக்குப் போகப் போகிறோம் என்றதும் அண்ணா கேட்டது, "அங்கே என்ன க்ஷேத்திரம் இருக்கு?" என்றுதான். க்ஷேத்திரத்துக்காக இல்லை, மலையும் தோட்டமும் பார்க்கவும், நல்ல சாப்பாடு சாப்பிடவும் போகிறோம் என்றேன். "கண்ணுக்கும் நாக்குக்கும் இவ்வளவு செலவா? நூத்தெட்டு திவ்யதேசத்துல நீ இன்னும் பாதி சேவிக்கலையே" என்றார். ஸ்ரீரங்கத்தில் பிறந்து, பெருமாள் புறப்பாடு பார்த்தே வளர்ந்தவர் கேட்க வேண்டிய கேள்விதான். வெறும் இன்பத்துக்காக ஒரு பயணம் போகலாமா, போனால் அதில் ஆத்மாவுக்கு என்ன கிடைக்கும் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா தன் ஆயுளில் போன பெரிய பயணம் வடநாட்டு யாத்திரை. அயோத்தி, நைமிசாரண்யம், பத்ரி. உறவுக்காரர்கள் ஒரு பட்டாளமாகப் போனார்கள். வெளிச் சாப்பாடு ஆகாது என்பதால் அரிசி, புளி, பருப்பு, அப்பளக்கட்டு, பம்பு ஸ்டவ் எல்லாம் ரயிலேறின. போன இடமெல்லாம் அம்மாவும் சித்தியும்தான் தளிகை. திரும்பி வந்ததும் அப்பா அலக்நந்தாவின் சத்தத்தையும், பனி மலைமேல் வெயில் ஏறும் அழகையும் வாசல் திண்ணையில் உட்கார்ந்து மணிக்கணக்காகச் சொன்னார். "நீ சொல்லும்மா, பத்ரி எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "பருப்பே வேகலைடி" என்றாள் அம்மா. மூவாயிரம் மீட்டருக்கு மேலே தண்ணீர் 90 டிகிரிக்கே கொதித்துவிடும். துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கிடந்தாலும் குழையாது. அவ்வளவு தூரம் போய் அவள் கண் நிறையப் பார்த்தது அந்தப் பருப்புப் பாத்திரத்தைத்தான். அவள் அதைக் குறையாக ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குத்தான் இன்றும் மனசு ஆறவில்லை.

யாத்திரை என்றால் புண்ணியம், உல்லாசப் பயணம் என்றால் போகம் என்று பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை போனது அங்கேதான். நம் சம்பிரதாயமே அப்படிப் பிரிக்கவில்லை. திருப்பாவையில் நெய்யும் பாலும் வேண்டாம் என்று நோன்பைத் தொடங்கும் பெண்கள், இருபத்தேழாம் பாட்டில் முழங்கை வழிய நெய் ஒழுகும் பால்சோற்றை எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஆண்டாளுக்கு அந்தச் சாப்பாடும் நோன்பின் பகுதிதான். அண்ணாவிடம் இதைச் சொன்னேன். "அது கண்ணனோட சேர்ந்து சாப்பிடறது" என்றார். சரிதான். ஆனால் யாரோடு சேர்ந்து என்பதைவிட, யார் சமைத்து என்ற கேள்வி என்னை அதிகமாகப் படுத்துகிறது.

ஜப்பானில் சைவச் சாப்பாடு சுலபம் இல்லை. வெறும் கீரையோ முள்ளங்கியோ ஆனாலும் அது வெந்த சாறு பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் இறங்கியதாக இருக்கும். பௌத்த மடங்களின் 'ஷோஜின்' சமையலில் மட்டும் மாமிசம், மீன் கிடையாது; வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. சாற்றுக்குக் கடற்பாசியும் உலர்ந்த ஷிடாகே காளானும்தான். சாப்பாட்டைத் தேடிப் போனதில்தான் எனக்கு தோகென் என்ற ஜப்பானிய ஜென் துறவி அகப்பட்டார்.

1223-ல், இருபத்து மூன்று வயதுத் துறவியாக தோகென் சீனாவுக்குக் கப்பலேறிப் போனார். நிங்போ துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்தபோது வயதான ஒரு துறவி காளான் வாங்க வந்தார். அசோகர் பெயரில் உள்ள ஒரு மலைமடத்தின் மடப்பள்ளித் தலைவர் அவர். மறுநாள் துறவிகளுக்கு நூடுல்ஸ் சாறு வைக்க வேண்டும் என்று ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நடந்து வந்திருந்தார். இன்று இரவு தங்கிப் பேசிவிட்டுப் போங்களேன் என்றார் தோகென். முடியாது, நாளைச் சமையல் என்னுடையது என்றார் கிழவர். இந்த வயதில் தியானம், சாஸ்திரம் என்று இருக்காமல் அடுப்படி வேலை எதற்கு என்று கேட்டதற்கு, அயல்நாட்டு இளைஞனுக்குச் சாதனை என்றால் என்னவென்று இன்னும் தெரியவில்லை என்று உரக்கச் சிரித்தாராம். ஊர் திரும்பிய தோகென் 1237-ல் மடத்துச் சமையல்காரருக்காகவே ஒரு நூல் எழுதினார். அரிசி களைவதையும் கல் பொறுக்குவதையும் தியானத்துக்குச் சமமாக வைத்து எழுதிய நூல்.

அதைப் படித்தபோது அம்மா நினைவுதான். அந்தக் கிழவர் மாதிரிதான் அவளும். ஒரு வித்தியாசம் உண்டு: அவர் வகித்தது மடத்தின் பெரிய பதவிகளில் ஒன்று. அம்மாவுக்கு அந்த இடத்தை யாரும் தரவில்லை. வேலையும் மனசும் ஒன்றுதான், மதிப்புதான் இல்லை.

சாப்பிடுகிறவருக்கும் அந்த மரபில் கடமை உண்டு. ஜென் மடங்களில் உணவுக்கு முன் ஐந்து விஷயங்களை நினைக்க வேண்டும். இந்த உணவு எத்தனை பேர் உழைப்பில் இங்கே வந்தது என்பது முதலாவது. இதை ஏற்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்பது இரண்டாவது. பேராசை, உடலுக்கு மருந்து, ஞானத்துக்கு வழி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ருசிக்காதே என்று யாரும் சொல்லவில்லை, கவனி என்கிறார்கள். எனக்கு இது போதும். ஓர் ஊரில் மதியம் இறங்கி, நாலு இடத்தைப் படம் பிடித்து, எதையோ வாயில் போட்டுக்கொண்டு ராத்திரி ரயிலைப் பிடிக்கிறவருக்கு இந்த முதல் கேள்வியை நினைக்கக்கூட நேரம் கிடைக்காது. அவசரமில்லாமல் போவதைச் சொகுசு என்கிறார்கள். சமைத்தவருக்குக் காட்டும் மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

அங்கே மடங்களில் 'கோமாதோஃபு' என்று ஒன்று பரிமாறுவார்கள். பெயரில் தோஃபு இருந்தாலும் சோயா கிடையாது. எள்ளும் ஒரு கொடியின் கிழங்கு மாவும். தங்கையும் நானும் அதை வீட்டில் செய்து பார்த்தோம், அந்த மாவுக்குப் பதில் கூவைக்கிழங்கு மாவு போட்டு. வெள்ளை எள்ளை ஊறவைத்து, வெண்ணெயாக அரைத்து, துணியில் வடிகட்டி, மாவு கரைத்து, அல்வா கிண்டுவதுபோல விடாமல் கிண்டவேண்டும். மாவு சட்டென்று கெட்டிப்படும். அதற்கப்புறமும் கையை எடுக்கக் கூடாது, பளபளப்பு வரும்வரை கிண்ட வேண்டும். மணிக்கட்டு விட்டுப்போகிறது. ஆறவைத்து வெட்டினால் ஒரு வாய்க்கு ஒரு துண்டு. அந்த ஒரு வாயை இனி என்னால் வேகமாக விழுங்க முடியாது.

இன்பம் ஆத்மாவுக்கு ஆகுமா என்ற கேள்வி இயற்கைக் காட்சியிலும் எழுந்திருக்கிறது. கியோட்டோவின் தென்ரியூஜி மடத்துத் தோட்டத்தை அமைத்தவர் முசோ சொசெகி என்ற துறவி. குளத்துக்குப் பின்னால் இருக்கும் அராஷியாமா மலையையும் தோட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ளும் அமைப்பு. துறவிக்குத் தோட்டத்தில் என்ன பற்று என்று அவர் காலத்திலேயே கேட்டார்கள். அன்றைய ஆட்சியாளரான ஷோகுனின் தம்பியோடு நடந்த உரையாடலாக அவர் தந்த பதில் 1344-ல் நூலாக வந்தது. மலைக்கும் நீருக்கும் நன்மை தீமை கிடையாது, அது பார்ப்பவர் மனத்தில்தான் இருக்கிறது என்பது அதன் சாரம். அபூர்வக் கல்லைச் சேர்த்துப் பெருமைப்படுகிறவரும் தோட்டம் வைக்கிறார். மலையையும் புல்லையும் தன்னிலிருந்து வேறாகப் பார்க்காதவரும் வைக்கிறார். தோட்டம் ஒன்றுதான். அண்ணாவின் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

அவருக்கும் பிடிக்கும் ஓர் இடத்தைத் திட்டத்தில் முதலில் வைத்திருக்கிறேன். கோயா மலை. 816-ல் கூக்காய் என்ற ஆச்சாரியருக்குச் சக்கரவர்த்தி அளித்த மலை. 835-ல் அவர் இறக்கவில்லை, தியானத்தில் அமர்ந்துவிட்டார் என்பது அங்குள்ள நம்பிக்கை. அதனால் இன்றும் தினமும் காலை 6 மணிக்கும் 10.30 மணிக்கும் துறவிகள் மரப்பெட்டியில் தளிகை சுமந்து அவர் சன்னிதிக்குப் போகிறார்கள். வழியில் சுவை பார்ப்பதற்கென்றே ஜிஸோ என்ற போதிசத்துவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குக் காட்டிய பிறகுதான் ஆச்சாரியருக்கு. "கண்டருளப் பண்றா!" என்று அண்ணா நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

கோயாவுக்குப் பிறகு கியோட்டோ, அங்கிருந்து தோகென் 1244-ல் நிறுவிய எய்ஹெய்ஜி மடம், கடைசியாக கனசாவா. 2024 மார்ச்சில் ஷின்கான்சென் அதிவேக ரயில் பாதை சுருகா வரை நீண்டுவிட்டதால், சுருகாவில் மாறி ஏறினால் எய்ஹெய்ஜிக்கு இறங்க வேண்டிய ஃபுகுயி, கனசாவா இரண்டும் ஒரே வரிசையில் வருகின்றன. எய்ஹெய்ஜியின் சமையல் மண்டபத்தில் ஆளைவிட உயரமான மர உலக்கை ஒன்று தொங்குகிறது. அதன் முன் நிற்க வேண்டும். கனசாவாவின் கென்ரோகுஎன் தோட்டத்தில் நவம்பர் 1 முதல் பைன் மரக் கிளைகளைப் பனி முறிக்காமல் கயிறு கட்டித் தாங்குவார்கள். அதற்காகவே நவம்பர் என்று வைத்தோம். கோயாவின் மேபிள் இலைகளும் அப்போது சிவந்து முடிந்திருக்காது. தகாயாமா, ஹிரோஷிமா, நாரா மூன்றையும் அடித்துவிட்டேன். தங்கைக்கு நாராவில் வருத்தம்தான்.

இன்னும் ஒன்று பாக்கி. கோயாவில் மடத்து விடுதிகளில் இரவுச் சாப்பாட்டை மாலை ஐந்தரை, ஆறுக்கே வைத்துவிடுவார்கள். ஒசாகாவிலிருந்து ரயில், பிறகு கேபிள் கார், பிறகு பஸ் என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விமானம் பிற்பகல் இறங்குகிறது. மடத்துச் சமையல்காரர்களை அடுப்படியில் காக்க வைக்கக் கூடாது என்று முதல் இரவை ஒசாகாவின் நம்பா ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். மறுநாள் காலை மலையேறலாம்.